துளிக்கு யாருமில்லை

2013, ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? போன் பேசவில்லையே என்று கோபிக்காதே. வந்த முதல் நாளே எங்கள் ஐந்து பேரின் போனையும் வாங்கி மேனேஜர் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "பாட்டும் ஆட்டமும் படியற வரைக்கும் வெளியுலகம் வேணாம்" என்கிறார். இந்தக் கடிதத்தை எங்களுக்கு உடுப்பு தைக்கிற தையல்காரர் தபாலில் போடுவார். நீயும் அவர் கடை விலாசத்துக்கே எழுது. நல்ல மனுஷர், வாயைத் திறக்கமாட்டார். எப்போதும் வாயில் ஊசி இருக்கும்.

எங்கள் குழுவுக்கு 'நீலக்குடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "கேள்வி கேக்கற குணம் உனக்குக் கிடையாது" என்றார் மேனேஜர். நிஜமாகவே குணம் பங்கிட்டார்கள் அக்கா. ஐந்து பேரையும் சுவரோரம் நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் நோட்டு கொடுப்பதுபோல ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒருவன் குறும்பன், ஒருவன் கோபக்காரன், ஒருவன் கூச்சக்காரன், ஒருவன் செல்லப்பிள்ளை. அந்தக் கோபக்காரன் கரப்பான்பூச்சியைக் கண்டால் என் கட்டிலில் ஏறிவிடுகிறான்.

எனக்குச் சோகம். தேர்வுக்குப் போன அன்று எனக்கு ஜலதோஷம் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? கண்ணில் நீர் வழிய நின்றேனாம், அதைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம். "சார், அது சளி" என்றேன். "அத வெளிய சொல்லித் தொலைக்காத" என்றார். இனி என் பெயர் துளி.

அம்மாவிடம் சொல். நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்கள், அளந்து போடுகிறார்கள்.

அன்புடன்,
தம்பி

*

2013, ஜூன் 21

அன்புள்ள துளியாருக்கு,

உன் சளிக்கு இவ்வளவு மவுசு வரும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் உனக்குத் தைலம் தேய்த்த நேரத்தை மிச்சம் பிடித்திருப்பேன். வீட்டில் உன்னைச் 'சளிமூக்கா' என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவாய். அவர்கள் அதையே கொஞ்சம் துடைத்து 'துளி' என்றதும் இனிக்கிறதோ?

இங்கே ஒரு செய்தி. பழைய கட்டிடத்தை இடிக்கிறார்கள். நம் சலவைக் கடையை நாலு தெரு தள்ளி மாற்றிவிட்டோம். புது இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. இரண்டு மெஷினும் வாசலைப் பார்த்து நிற்கின்றன, இஸ்திரி மேஜை நடுவில். பழைய தெருவில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும். இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. எதிரே மருந்துக்கடை. அந்தக் கடைக்காரம்மா மட்டும் தினமும் வந்து நின்று கதை பேசிவிட்டுப் போகிறாள்.

அம்மா உன் கடிதத்தை என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அளந்து போடறாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டாள். நான் பூசி மெழுகினேன். பாட்டு வருகிறதோ இல்லையோ, வயிற்றைக் காயப்போடாதே.

உன் அக்கா

*

2013, டிசம்பர் 3

அக்காவுக்கு,

நேற்று தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நான் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

அந்தப் பெண், நிகழ்ச்சி நடத்துகிறவள், "துளி ஏன் எப்பவும் சோகமா இருக்காரு?" என்று கேட்டாள். அது எங்களுக்குக் கொடுத்த கேள்விகளில் இல்லை. நான் விழித்தேன். ஜலதோஷம் என்று சொல்ல முடியுமா? பக்கத்தில் இருந்த மேனேஜர் சட்டென்று மைக்கை வாங்கி, "அவனுக்கு யாருமில்லைங்க. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது. பாட்டுதான் அவனுக்கு வீடு" என்று சொல்லிவிட்டார். அரங்கம் முழுக்க 'உச்' கொட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் சோகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன் அக்கா. "கொஞ்ச நாளைக்குத்தான். சூடு ஆறினதும் மாத்திக்கலாம்" என்றார். அப்பா இல்லை என்பதாவது நிஜம்தானே என்று சமாதானம் வேறு சொன்னார். அம்மாவுக்கு எடுத்துச் சொல். கொஞ்ச நாள்தான்.

தம்பி

*

2013, டிசம்பர் 12

உனக்கு,

யாருமில்லாதவனுக்கு யார் கடிதம் எழுதுவது? எந்த உரிமையில் எழுதுவது? அதனால்தான் 'அன்புள்ள' போடவில்லை.

நீ அநாதையென்றால் நான் யாருடா? உன்னை இடுப்பில் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தவள் நான். மைக்கைப் பிடுங்கி ஒரு வார்த்தை, 'சார், எனக்கு அம்மா இருக்காங்க' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஊருக்கே கேட்கப் பாடுகிற வாய்.

கடையில் சின்ன டிவி வைத்திருக்கிறோம். அம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை அம்மாவும் இருந்தாள். உன் மேனேஜர் அப்படிச் சொன்னதும் அவள் அழுதேவிட்டாள். "பாருங்க, ராஜா மாதிரி பையன். பெத்தவ ஒருத்தி இருந்திருந்தா இந்த முகத்துல இப்படியொரு ஏக்கம் இருக்குமா?" என்று அம்மாவிடமே கேட்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவளைப் பார்த்து, "பாவம்" என்றாள். அவ்வளவுதான். போர்வையின் மறுமுனையை என்னிடம் கொடுத்து மடிக்கச் சொன்னாள்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது சும்மா இல்லை. உன்னைத் திட்டக்கூட விடமாட்டேன் என்கிறாள்.

அக்கா

*

2014, ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்தது நேரமில்லாததால் மட்டுமல்ல, பயத்தாலும்தான். உன் கல்யாணம் நிச்சயமான செய்தி கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். மாப்பிள்ளை பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் என்று எழுதியிருந்தாய். உன்னைச் சமாளிக்க ஸ்பேனர் பிடிக்கிற கைதான் வேண்டும்.

இங்கே எங்களுக்குத் தலைகால் புரியாத காலம். எங்கள் குடைப் பாட்டு எங்கு திரும்பினாலும் கேட்கிறது. ரசிகர்கள் எல்லோரும் நீலக்குடை விரித்துக்கொண்டு வர வேண்டும் என்று மேனேஜர் கிளப்பிவிட்டார். வந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் குடையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, பெரிய ரகளை. உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்தப் பாட்டில் என் சொந்தக் குரல் இரண்டு வரிதான். மற்றதை யாரோ ஒருவர் கண்ணாடி அறைக்குள் வந்து பாடிவிட்டுப் போனார். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். அநாதைக்கு ஏது அக்கா என்று முதலில் சிரித்தார்கள். நான் விடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் மேனேஜரே வழி கண்டுபிடித்துவிட்டார்! ஒரு சாதாரணப் பெண்ணின் கல்யாணத்துக்குத் துளி திடீரென்று வந்து இறங்குகிறான், முன்பின் தெரியாத அவளுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறான், கேமரா அதைப் படம் பிடிக்கிறது. அந்தச் சாதாரணப் பெண் நீதான். நான் உன் பக்கத்திலேயே நிற்கலாம் அக்கா. நீயும் அம்மாவும் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல ஆச்சரியப்பட்டால் போதும். அரைமணி நேரம். பிறகு கேமராவை அணைத்ததும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. உடனே சரி என்று எழுது.

தம்பி

*

2014, ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

முடியாது.

என் கல்யாணத்துக்கு என் தம்பி வரட்டும். கிழிந்த சட்டையோடு வந்தாலும் வாசலில் நின்று அழைத்து வருவேன். துளி வர வேண்டாம். அந்தப் பையனை எனக்குத் தெரியாது, தெரியாதவர்களுக்கு நாங்கள் அழைப்பு வைக்கவில்லை.

அம்மாவிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு, "வரட்டுமேடி. ஆச்சரியப்படற மாதிரி நான் நடிச்சுக்கறேன். பக்கத்துல பாத்தா போதும்" என்றாள். எனக்கு மட்டும் என்றால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். பெற்ற பிள்ளையை யாரோ மாதிரி பார்த்து 'ஐயோ, யார் வந்திருக்காங்க பாரு' என்று கேமராவுக்காக வாயைப் பிளக்கிற நிலைக்கு அவளைத் தள்ளமாட்டேன். இது என் முடிவு, அவளைக் குறை சொல்லாதே.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை கேட்டிருக்கிறாய் அல்லவா? அந்தக் கதையில் அரசன் கடைசிவரை வரவே இல்லை.

அக்கா

*

2015, மார்ச் 6

அக்காவுக்கு,

கல்யாணத்துக்கு வாழ்த்துகூட அனுப்பாதவன் இப்போது எழுதுகிறேன். அனுப்ப எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். நீ சொன்னது சரி என்று புரிய எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. அதைச் சொல்லத்தான் எழுத நினைத்தேன், அதற்குள் இது வந்துவிட்டது.

பழைய தெருவில் யாரோ ஒரு பத்திரிகைக்காரனிடம், 'துளியா? அவன் சலவைக்காரம்மா மகன்தானே' என்று சொல்லிவிட்டார்களாம். அவன் தேடிக்கொண்டு நம் கடைக்கே வந்தானாம். இன்று காலை மேனேஜர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். 'எனக்கு மகன் இல்லை: சலவைக்கடைப் பெண்மணி திட்டவட்டம்' என்று போட்டிருக்கிறது. "உங்கம்மா கெட்டிக்காரி! ஆயிரம் வக்கீல் வச்சாலும் இப்படி முடிச்சிருக்க முடியாது" என்று என் முதுகில் தட்டினார். மற்ற பையன்கள் என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டார்கள்.

அம்மா அப்படிச் சொன்னாளா அக்கா? பொய்க்காகச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். இன்று சாயங்காலம் மேடையில் எப்படி ஆடினேன் என்று எனக்கே தெரியவில்லை. மெய்யென்றால் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன்.

தம்பி

*

2015, மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நல்லவேளை, அந்த வாரம் நான் அம்மா வீட்டில் இருந்தேன். இல்லாவிட்டால் இதை உனக்குச் சொல்ல ஆளே இருந்திருக்காது. அம்மா தானாகச் சொல்லமாட்டாள், கல்லுளிமங்கி.

மத்தியானம் வந்தான். சட்டை இஸ்திரி போட வந்தவன் மாதிரிதான் வந்தான். பிறகு பையிலிருந்து உன் படத்தை எடுத்து மேஜையில் வைத்து, "இது உங்க மகனாம்மா?" என்றான். அம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தாள். பார்த்தாள், பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று அன்றைக்குத்தான் நானே உனக்காகப் பயந்தேன். வெட்கக்கேடு, என்னையும் உன் கம்பெனியில் சேர்த்துவிட்டாய்.

"எனக்கு ஒரே பொண்ணு. இதோ நிக்கிறா. கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவன் எழுதிக்கொண்டான். போகிற போக்கில், "அந்தப் பையனுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டான். ஏதோ ஒரு வரி கிடைக்குமா என்று கேட்டிருப்பான்.

அம்மா, "சாப்பிடச் சொல்லுங்க. முன்னைக்கு இப்ப ரொம்ப மெலிஞ்சிருக்கான்" என்றாள்.

முன்னைக்கு என்றால் எந்த முன்னைக்கு? அவன் நிமிர்ந்து கேட்டிருந்தால் உன் கதை அன்றே முடிந்திருக்கும். அந்த மண்டு அதற்குள் நோட்டை மூடிவிட்டான். படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அது ஒன்றுதான் அம்மாவுக்குக் கோபம். "படத்தையாவது வச்சுட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு என்னிடம், "அவன் பொழப்புக்காகச் சொன்னேன். சொன்ன வாயிதான் இன்னும் கசக்குது" என்றாள். பொய்யா மெய்யா என்று இனிமேலும் கேட்பாயா?

ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றிலிருந்து அவள் உன்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஒருமுறை சொன்ன சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் அக்கா

*

2016, ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைச் சொல்கிறேன், கேள். முதலில் செல்லப்பிள்ளை போனான். ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டிருந்தானாம். நாலு பேராக ஆடினோம், நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. அடுத்த பாட்டை யாரும் சீண்டவில்லை. அதற்கடுத்ததை வெளியிடவே இல்லை. ஒருநாள் காலையில் ஆட்டப் பயிற்சிக்குப் போனால் எங்கள் அறையில் வேறு ஏழு பையன்கள், எங்கள் கட்டில்களில் அவர்கள் பைகள். எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி மேனேஜர் குணம் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாவம், ஒருவன் சோகமாகத் தலையாட்டினான்.

போன வாரம் எங்கள் கடைசி நிகழ்ச்சி. எங்கே தெரியுமா? ஒரு மெத்தைக் கடைத் திறப்பு விழா. மேடை இல்லை, இரண்டு கட்டிலுக்கு நடுவே நின்று பாடினோம். மேனேஜர்கூட வரவில்லை. வெளியே தூறலாக இருந்தது. உள்ளே ஒதுங்கியவர்களில் இரண்டு மூன்று பேர் கையில் நம் நீலக்குடை, மழைக்குப் பிடித்து வந்தது.

பாட்டு முடிந்ததும் மைக் என் கையில் இருந்தது. என்னைத் தடுக்க யாருமில்லை. சொல்லிவிட்டேன் அக்கா. "நான் அநாதை இல்லை. எனக்கு அம்மா இருக்காங்க, சலவைக் கடை வச்சிருக்காங்க. எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்" என்று சொன்னேன். கல் வந்து விழும் என்று நினைத்தேன்.

நாலு பேர் கைதட்டினார்கள். ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அந்தக் குடைப் பாட்டைப் பாடுங்க" என்றார். ஒரு வாண்டுப் பயல் மெத்தைமேல் ஏறிக் குதிக்க, அவன் அம்மா அவனைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். இதற்காகவா உன் கல்யாணத்தை விட்டேன்? இதைக் காப்பாற்றவா அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குடைப் பாட்டைப் பாடினேன். இந்த முறை முழுப்பாட்டும் என் குரல். சுமார்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உனக்குப் பேசலாம்தான். பேசினால் அழுவேன், அதனால் எழுதுகிறேன். வீட்டுக்குப் போகட்டுமா? அம்மா என்னை யார் என்று சொல்லிக்கொள்வாள்? 'எனக்கு மகன் இல்லை' என்று அச்சில் ஏறிவிட்டதே.

தம்பி

*

2016, ஆகஸ்ட் 5

அன்புள்ள சளிமூக்கனுக்கு,

போ. என்னைக் கேட்காதே, இன்றைக்கே கிளம்பு.

போனதும் காலில் விழுந்து கதறி ஊரைக் கூட்டாதே, அம்மாவுக்குப் பிடிக்காது. விளக்கம் சொல்லாதே. 'என்ன வேலை இருக்கு?' என்று கேள். அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. எத்தனை நாளானாலும் இரு. நீ பேசாமல் இருந்து மூன்று வருடம் அவளைக் காக்க வைத்தாய், இப்போது உன் முறை.

மெத்தைக் கடையில் நீ சொன்னதை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் சொல்லிருக்கான். ஆனா கேக்க வேண்டியவங்க அங்க இல்லையே" என்றார். ஸ்பேனர் பிடிக்கிறவர் என்றாலும் சரியான இடத்தில்தான் திருகுகிறார்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று உடனே எழுது. அம்மாவைப் பற்றி வீட்டிலிருந்து நீ எழுதி, புருஷன் வீட்டிலிருந்து நான் படிக்கிற காலம் வந்துவிட்டது பார்.

உன் அக்கா

*

2016, செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நீ சொன்ன மாதிரியே கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கூடை நிறையக் காலுறைகளை என் பக்கம் தள்ளி, "ஜோடி சேக்கணும்" என்றாள். அதுதான் வரவேற்பு.

சோறு மட்டும் அளக்காமல் போடுகிறாள். தட்டில் வழிகிறது. ஆனால் என்னைக் கூப்பிடுவதே இல்லை அக்கா. டேய் என்றோ, தம்பி என்றோ, வாடா போடா என்றோ ஒன்றும் கிடையாது. "அந்தப் போர்வைய எடுக்கணும்", "மெஷின் நின்னுடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், நான் போய்ச் செய்வேன். யாராவது வாடிக்கையாளர் என்னை உற்றுப் பார்த்தால் அம்மா சட்டென்று ரசீதைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் உள்ளே இருக்கும்போது நானே நிறைய முறை வாயெடுத்தேன், 'நான் இவங்க மகன்' என்று சொல்ல. முடியவில்லை. மெத்தைக் கடையில் சொல்ல வந்த தைரியம் இங்கே வரவில்லை. அதை நான் சொல்லக்கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. சொல்லாமலே போய்விட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

நேற்று சாயங்காலம் மருந்துக்கடை அம்மா, முன்பு போட்ட துணியை வாங்க வந்தாள். அவள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து நேற்றுதான் திரும்பியிருக்கிறாள். நான் உள்ளே குனிந்து மெஷினிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, புதுசா ஆள் வச்சிருக்கீங்களா? எங்கயோ பாத்த முகமா இருக்கே" என்றாள்.

அம்மா சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரசீதை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. காலரை முடித்து, பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வச்ச ஆள் இல்லைங்க. பெத்த ஆள்."

அந்த அம்மா, "உங்களுக்கு ஒரே பொண்ணுன்னு..." என்று இழுத்தாள்.

"அப்படித்தான் சொல்லிருந்தேன். பொய்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்து. "டேய், மசமசன்னு நிக்காத. அந்தம்மா துணிய எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

உன் தம்பி